நான்கு சில்லு இயக்கக் கொம்பி: பெற்றோலா, டீசலா?

எமெந்தால்வாசி

வணக்கம் உறவுகளே. பதினோரு ஆண்டுகளாக ஓட்டிய எனது சிறிய கார் அடுத்த பரிசோதனையில் தேறாது என்று கராஜ்காரர் கையை விரித்துவிட்டார். நான் சுவிஸின் பேர்ண் மாநிலத்தில், எமெந்தால் பகுதியில், ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். பிரதான வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் கடைசி ஒன்றரைக் கிலோமீற்றருக்கு, மாரிக்காலத்தில் பனி அள்ளும் வண்டி காலை ஏழு மணிக்கு முன்னர் வருவதில்லை; எனக்கோ ஐந்தே முக்காலுக்கு வேலைக்கு இறங்க வேண்டும். ஆகவே நான்கு சில்லு இயக்கம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இரண்டு பிள்ளைகள், ஒரு மிருதங்கம், மாதம் ஒருமுறை வாங்கும் அரிசி மூட்டைகள் எல்லாம் ஏற வேண்டும் என்பதால் கொம்பி வகைதான் (பின்பக்கம் நீண்டு, பொதி ஏற்ற இடமுள்ள கார்) வேண்டும் என்பதிலும் வீட்டில் உடன்பாடு உண்டு.

இப்போது இரண்டு கார்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. இரண்டும் 2017ஆம் ஆண்டில் முதற்பதிவு செய்யப்பட்ட ஸ்கோடா ஒக்டாவியா கொம்பி. ஒன்று 2.0 லீற்றர் டீசல், 150 குதிரைவலு, கையால் மாற்றும் ஆறு கியர், 92,000 கிலோமீற்றர் ஓடியது. மற்றது 1.8 லீற்றர் டேர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் விசிறி) உள்ள பெற்றோல், 180 குதிரைவலு, தானியங்கி இரட்டைக் கிளச், 78,000 கிலோமீற்றர். விலையில் சில நூறு பிராங்குகளே வேறுபாடு. எனது ஓட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். வேலைத்தலம் ஏழு கிலோமீற்றர். ஞாயிறுகளில் பேர்ண் ஐரோப்பாப்பிளாற்ஸில் உள்ள கோயிலுக்குப் போவோம். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பாரிஸில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் பயணம். மலைக்கும் பாரத்துக்கும் டீசலை விட்டால் வேறு கதி இல்லை என்று மைத்துனர் சாதிக்கிறார். அவர் சொல்வதில் எவ்வளவு சரி?

பொதிக்காரன்

உங்கள் மைத்துனர் சரியாகத்தான் சொல்கிறார். நான் பேர்ணுக்கும் லுகானோவுக்கும் இடையே பொதி ஏற்றுபவன்; சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பதும் இதே 150 குதிரைவலு டீசல் கொம்பிதான். இன்று 2,43,000 கிலோமீற்றரைத் தாண்டி நிற்கிறது. இதுவரை எஞ்சினைத் திறந்ததில்லை. கொத்தார்ட் சுரங்கம் மூடியிருக்கும் இரவுகளில், கணவாய் திறந்திருக்கும் காலமாயின், 2,106 மீற்றர் உச்சியை ஐந்து பேருடனும் பெட்டிகளுடனும் ஐந்தாம் கியரிலேயே பெரும்பகுதி ஏறியிருக்கிறேன். சராசரி 5.8 லீற்றர். பெற்றோலில் இதைக் கனவிலும் காண முடியாது.

காரணம் எளியது. இந்த டீசல் 340 நியூட்டன்மீற்றர் முறுக்குவிசையை, அதாவது சில்லைத் திருப்பும் விசையை, நிமிடத்துக்கு 1,750 சுழற்சியிலேயே தந்துவிடும். நீங்கள் சொல்லும் பெற்றோல் எஞ்சினின் உச்சம் 280 நியூட்டன்மீற்றர். பாரத்துடன் ஏறும்போது இந்த வேறுபாட்டைக் கால் உணரும்.

தாதி_கூர்

நான் கிறவுபுண்டன் மாநிலத்தில் வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரிக்கும் தாதி. பொதிக்காரன் அண்ணா சொல்வதை நம்பி, ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் டீசல் நான்கு சில்லு இயக்கக் கொம்பி ஒன்றை நானும் வாங்கினேன். மூன்று கிலோமீற்றர் போவேன், இருபது நிமிடம் நிறுத்துவேன், நான்கு கிலோமீற்றர் போவேன், மீண்டும் நிறுத்துவேன். நாள் முழுவதும் இதுதான் ஓட்டம். இரண்டாவது மாரிக்காலத்தில் ஒரு புதுமை கண்டேன்: ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தால், குறைய வேண்டிய ஒயில் மேற்கோட்டையும் தாண்டி உயர்ந்திருந்தது. துடைத்து மூக்கருகே கொண்டுசென்றபோது டீசல் மணம் அடித்தது. அடுத்த மாதம், புகையில் வரும் கரியைப் பிடிக்கும் துகள் வடிகட்டியின் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதையும் பொருட்படுத்தாமல் ஓடியதில் எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்து, வண்டி வேகம் எடுக்க மறுத்துவிட்டது. வடிகட்டி மாற்றியதற்கான பற்றுச்சீட்டு 2,900 பிராங். நெடுஞ்சாலையில் ஓடாதது உங்கள் தவறு என்று கராஜில் சொன்னார்கள். விற்ற நாளில் அதே ஆட்கள் நான் எப்படி ஓட்டுவேன் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

முறுக்குவிசை

ஆர்கா மாநிலத்தில் இருபது ஆண்டுகளாகக் கராஜ் வேலை செய்பவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொதிக்காரனுடைய அனுபவமும் தாதி அக்காவுடைய அனுபவமும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒரே பொறியின் இரண்டு பக்கங்கள். டீசலின் புகையில் வரும் கரியை வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். நெடுஞ்சாலையில் பாரத்துடன் ஓடும்போது புகைக்குழாயின் வெப்பத்திலேயே ஒரு பகுதி தானாக எரிந்துவிடும். அப்படி ஓடாத வண்டியில், எஞ்சினின் கணினி வேண்டுமென்றே கூடுதல் டீசலைப் பிந்திப் பாய்ச்சி, வடிகட்டிக்குள் 600 பாகை அளவுக்கு வெப்பத்தை ஏற்றுகிறது. இது முடிய பத்து முதல் இருபது நிமிடம் தொடர்ந்த ஓட்டம் வேண்டும். நடுவில் நீங்கள் நிறுத்திவிட்டால், பிந்திப் பாய்ந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியாக ஒயிலில் கலக்கும். அக்காவின் குச்சியில் ஏறிய மட்டம் அதுதான். ஒயில் நீர்த்துப்போனால் டேர்போவின் தாங்கிகளும் தேயத் தொடங்கும்.

எரிப்பு நடக்கிறது என்பதை எப்படி அறிவது? சிவப்பு விளக்கில் நின்றால் வழக்கமாக அணையும் எஞ்சின் அன்றைக்கு அணையாது. வெறுமனே ஓடும் சுழற்சி ஆயிரத்துக்கு உயர்ந்திருக்கும். திறப்பைத் திருப்பி நிறுத்திய பிறகும் முன்பக்க விசிறி இரைந்துகொண்டிருக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டால் வீட்டு வாசலில் நிறுத்தாமல் இன்னும் ஒரு பத்துக் கிலோமீற்றர் சுற்றிவிட்டு வாருங்கள். வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு ஓடலாம் என்று ஆலோசனை சொல்பவர்களும் உண்டு. அது சட்டப்படி குற்றம். மேலும் 2023 முதல் சுவிஸ் பரிசோதனையில் வடிகட்டி உள்ள டீசல் வண்டிகளின் புகையில் துகள்களின் எண்ணிக்கையையே அளக்கிறார்கள். தப்ப முடியாது.

ஆகவே எமெந்தால்வாசித் தம்பி, ஆண்டுக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது முதற் கேள்வி அல்ல. ஆண்டுக்கு 20,000 ஓடினால் டீசல், குறைந்தால் பெற்றோல் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய கணக்கு வடிகட்டி வருவதற்கு முந்திய காலத்தது. முப்பதாயிரம் ஓடினாலும் நான்கு நான்கு கிலோமீற்றராக ஓடினால் டீசல் கெடும். பத்தாயிரமே ஓடினாலும் ஒவ்வொரு முறையும் ஐம்பது கிலோமீற்றர் என்றால் சுகமாக இருக்கும். ஒவ்வொரு பயணத்தின் நீளத்தையும் எழுதி வையுங்கள். மைத்துனருக்கும் டீசல் என்றால், அதன் திரையில் ஒயில் வெப்பநிலையைத் தெரிவு செய்து அதையும் குறித்து வாருங்கள். ஐம்பது பாகை வரும்வரை எண் தோன்றாது, இரண்டு கோடுகள் மட்டுமே தெரியும். அந்தக் கோடுகள் எங்கே எண்ணாக மாறுகின்றன என்று பாருங்கள்.

எமெந்தால்வாசி

நன்றி அண்ணா. மைத்துனரிடம் இருப்பது அதே எஞ்சின்தான்; மூன்று வாரத்துக்குக் கைமாற்றிக் கொள்ளக் கேட்டிருக்கிறேன். இதற்கிடையில் ஒரு ஐயம். மலையிலிருந்து இறங்கும்போது டீசல் எஞ்சின் தானாகவே நன்றாகப் பிடிக்கும், பிறேக் சூடேறாது என்று பலரும் சொல்கிறார்கள். அது உண்மையா?

முறுக்குவிசை

பாரவூர்தியைப் பார்த்துச் சொல்லும் கதை அது. அவற்றில் எஞ்சின் பிறேக்குக்கென்று தனி ஏற்பாடு உண்டு. காரில் நிலைமை வேறு. பெற்றோல் எஞ்சினில் காலை எடுத்ததும் காற்று வாயில் மூடிக்கொள்கிறது. மூடிய வாயிலுக்கு எதிராக இழுக்கும் அந்த வெற்றிடமே வண்டியைப் பிடிக்கிறது. டீசலில் காற்று பெரும்பாலும் தடையின்றி உள்ளே வரும். அழுத்தும்போது செலவான விசையின் பெரும்பகுதி விரியும்போது திரும்பிவிடும். எனவே எரிபொருளைவிட நீங்கள் எந்தக் கியரில் இறங்குகிறீர்கள் என்பதே முக்கியம். தானியங்கி என்றால் கையால் மூன்றாம் கியருக்கு இறக்கி அங்கேயே வைத்திருங்கள்.

பொக்ஸர்_பிரியன்

நான்கு சில்லு இயக்கக் கொம்பி பற்றிப் பேசும் சுவிஸ் இழையில் சுபாரு என்ற பெயர் இன்னும் வராதது வியப்பு. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு இறக்கப் போட்டியில் தங்கம் வென்ற பேர்ன்ஹார்ட் ரூசி பல்லாண்டுகள் விளம்பரம் செய்து, மலையூர் விவசாயி ஒவ்வொருவருடைய முற்றத்திலும் நிறுத்திய கார் அல்லவா! ஒக்டாவியாவில் முன்சில்லுகளே முதன்மையாக இழுக்க, தேவைப்படும்போது பின்சில்லு சேர்கிறது. சுபாருவில் நான்கும் எப்போதும் சேர்ந்தே இயங்கும். அவுட்பேக் 2.5 பெற்றோலையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

முறுக்குவிசை

பனியில் சுபாரு சிறந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எரிபொருள் கேள்விக்கு அங்கே வேறு விடை. அந்த 2.5 பெற்றோலுக்கு டேர்போ இல்லை. 175 குதிரைவலு, 235 நியூட்டன்மீற்றர். டேர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். யூலியர் கணவாயின் 2,284 மீற்றரில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் காணாமற் போய்விடும். டேர்போ உள்ள பெற்றோலும் டீசலும் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்துகொள்கின்றன. பழைய பெற்றோலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மலைக்கு டீசல் என்று மைத்துனர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

சுபாருவின் டீசலோ ஒரு தனி ஆசை. 2008இல் வந்த அந்த 2.0 லீற்றர் எஞ்சின், பயணிகள் காரில் தொடர் உற்பத்திக்கு வந்த முதலாவது பொக்ஸர் (சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும்) டீசல்; 150 குதிரைவலு, 350 நியூட்டன்மீற்றர். ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். ஆனால் தொடக்க ஆண்டு வண்டிகளில் வணரித் தண்டு (கிராங்க்) உடைந்த கதைகள் பல உண்டு. நானே இரண்டைப் பார்த்திருக்கிறேன். பழையதை வாங்குவதென்றால் பத்திரங்களைப் பார்க்காமல் கை நீட்ட வேண்டாம்.

நெக்கார்க்கரை

ஜெர்மனியின் ஸ்ருட்கார்ட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நகரில் 2019இல் யூரோ 4 டீசலுக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் தடை வந்தது (யூரோ என்பது ஐரோப்பியப் புகை விதியின் படி; எண் கூடக் கூடப் புதியது). பின்னர் யூரோ 5 டீசலுக்கும் நகரின் ஒரு பகுதியில் தடை வந்தது. 2018 பெப்ரவரியில் லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் நகரங்கள் இப்படித் தடை விதிக்கலாம் என்று தீர்ப்பளித்ததிலிருந்து தொடங்கிய கதை இது. எனது யூரோ 5 டீசலை அடிமாட்டு விலைக்கு விற்றேன். நீங்கள் பார்க்கும் 2017ஆம் ஆண்டு டீசல் யூரோ 6 என்பதால் இன்றைக்குப் பிரச்சினை இல்லை. நாளை எந்த நகரம் என்ன சொல்லும் என்பது வேறு விடயம்.

இன்னொன்று. ஜெர்மனியில் இருக்கும் உறவினர் டீசல் மலிவு என்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே டீசல் லீற்றருக்கு 47.04 சதம்தான் எரிபொருள் வரி, பெற்றோலுக்கு 65.45 சதம். அந்தச் சலுகைக்கு ஈடாக டீசல் காரின் ஆண்டு வரியில், ஒவ்வொரு 100 கனசென்ரிமீற்றருக்கும் பெற்றோலுக்கு 2 யூரோ என்றால் டீசலுக்கு 9.50 யூரோ அறவிடுகிறார்கள். உங்கள் நாட்டில் இரண்டுமே வேறு.

பொதிக்காரன்

சரியாகச் சொன்னீர்கள், இங்கே பம்பில் டீசல்தான் சில ராப்பன் (சுவிஸ் சதம்) கூட. பேர்ண் மாநிலத்தில் வாகன வரி எடையைப் பொறுத்தது. எரிபொருள் எது என்பதால் பெரிய வேறுபாடு வராது.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 14,000 கிலோமீற்றருக்கு, பெற்றோல் நூறு கிலோமீற்றருக்கு 8 லீற்றர் என்றால் 1,120 லீற்றர், டீசல் 6.2 என்றால் 868 லீற்றர். பெற்றோல் 1.75 பிராங், டீசல் 1.82 பிராங் என்று வைத்தால் 1,960 பிராங்குக்கு எதிராக 1,580 பிராங். ஆண்டுக்கு 380 பிராங் மீதி. ஏழு ஆண்டு வைத்திருந்தால் 2,660.

தாதி_கூர்

அண்ணா, அந்த 2,660உடன் இன்னும் 240 பிராங் சேர்த்தால் எனது வடிகட்டிப் பற்றுச்சீட்டு.

முறுக்குவிசை

நியாயத்துக்குப் பெற்றோலின் குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த 1.8 குடும்பத்தின் முந்திய தலைமுறை, 2008 முதல் 2011 வரையிலான வண்டிகளில், ஒயிலைக் குடித்துத் தள்ளியது. 2017 வண்டியில் இருப்பது அதற்குப் பிந்திய தலைமுறை, அந்த நோய் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இதில் பார்க்க வேண்டியது நீர்ப்பம்பும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ற்றாற்றும் ஒன்றாய் அமைந்த பிளாஸ்ரிக் கூடு, அது கசியும். எஞ்சின் மூடியின் கீழ் கசிந்த குளிர்நீர் இளஞ்சிவப்பு நிறத்தில் காய்ந்த படிவு தெரிகிறதா என்று ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள். ஆறு கியர் இரட்டைக் கிளச் என்றால் 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அதன் ஒயில் மாற்றியிருக்க வேண்டும். எழுத்தில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

உயர்மின்

இந்தக் காலத்தில் இரண்டையும் விட்டுவிட்டு மின்காருக்குப் போகலாமே?

எமெந்தால்வாசி

வாடகை வீடு, திறந்த தரிப்பிடம், வீட்டுக்காரர் மின்னேற்றி பொருத்தச் சம்மதிக்கவில்லை. அடுத்த காருக்குப் பார்ப்போம்.

இனி மூன்று வாரக் குறிப்பு. மைத்துனரின் டீசலில் மொத்தம் 61 பயணங்கள். அவற்றுள் 44 பயணங்கள் பத்துக் கிலோமீற்றருக்குக் குறைந்தவை. இது எனக்கே அதிர்ச்சி. நெடும்பயணம் செய்பவன் என்றே என்னை நினைத்திருந்தேன். பாரிஸ் பயணம் மனத்தில் நிற்கிறது, வாரத்துக்குப் பத்து முறை ஓடும் ஏழு கிலோமீற்றர் மனத்தில் நிற்பதில்லை. அந்த 44இல் கோடுகள் எண்ணாக மாறியது 17 முறை மட்டுமே. எண்பது பாகை ஒருமுறைகூட வரவில்லை. ஒயில் தொண்ணூறைத் தாண்டியது ஒன்பது பயணங்களில், எல்லாம் பேர்ணுக்குப் போனவை.

ஒரு விடயத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. காலையில் வீட்டிலிருந்து வேலைக்கு ஏழு கிலோமீற்றரும் இறக்கம். தொழிற்சாலை வாயிலில் நிறுத்தும்போது ஒயிலுக்கு இன்னும் இரண்டு கோடுகள்தான். கால்களுக்கு வரும் காற்றும் அப்போதுதான் இளஞ்சூடு பிடிக்கிறது. மாலையில் அதே ஏழு கிலோமீற்றர் ஏற்றம். மரம் அரியும் ஆலை வளைவிலேயே 50 தோன்றிவிடுகிறது. தூரம் ஒன்றே, வெப்பம் வேறு.

முறுக்குவிசை

மிக நல்ல அவதானிப்பு. இறக்கத்தில் காலை எடுத்தால் எரிபொருள் பாய்வதே நின்றுவிடும்; எரியாத எஞ்சின் எப்படிச் சூடாகும்? அதிலும் டீசல் சிக்கனமானது என்பதன் பொருளே வீணாகும் வெப்பம் குறைவு என்பதுதான். நீங்கள் பார்க்கும் பெற்றோலில் புகைக்குழாயின் தொடக்கப் பகுதி சிலிண்டர்த் தலைக்குள்ளேயே வார்க்கப்பட்டு, குளிர்நீர் அதைச் சுற்றி ஓடுகிறது. அதனால் விரைவில் சூடேறும். விற்பவர் சம்மதித்தால் ஒரு வார இறுதிக்கு எடுத்து, காலையில் அதே இறக்கத்தில் பாருங்கள்.

பொதிக்காரன்

நான் இன்னும் உடன்படவில்லை. மாலையில் ஏற்றம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பேர்ண் பயணம் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் வடிகட்டி தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ளும். தாதித் தங்கைக்கு அந்த ஞாயிறும் இல்லாததால்தான் வினை வந்தது.

முறுக்குவிசை

அது பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை ஒழுங்காகப் பேர்ணுக்குப் போனால் வடிகட்டி தாங்கலாம். ஆனால் எரிப்பு எப்போது தொடங்குவது என்பதைத் தீர்மானிப்பது கணினி, ஞாயிற்றுக்கிழமை அல்ல. கரி நிறைந்தது செவ்வாய் மாலை என்றால் செவ்வாய் மாலைதான் தொடங்கும், உங்கள் வாசலில் அறுபடும், புதன் மாலை மறுபடியும் தொடங்கும். டீசல்தான் வேண்டும் என்றால், குறித்த கிலோமீற்றருக்குக் காத்திராமல் ஆண்டுதோறும் ஒயிலை மாற்றுங்கள்.

எமெந்தால்வாசி

மூன்று கிழமைகளின் பின்னர் எழுதுகிறேன். பெற்றோலை வாங்கிவிட்டோம். வார இறுதியில் எடுத்துப் பார்த்தபோது, பால் சேகரிக்கும் கொட்டிலுக்கு அருகே, பாதி இறக்கத்திலேயே, சூடான காற்று வந்தது. மனைவி அங்கேயே முடிவு செய்துவிட்டார், எனது அட்டவணையைக் கேட்கவே இல்லை.

கியர்ப்பெட்டி ஒயில் மாற்றிய பதிவு இருந்தது. பின்சில்லுகளைச் சேர்க்கும் ஹால்டெக்ஸ் இணைப்பின் ஒயிலை மாற்றியதாக எங்கும் எழுதப்படவில்லை. முறுக்குவிசை அண்ணா தனிமடலில் சொன்னபடி, ஒயிலை மாற்றுவதோடு நிற்காமல் பம்பைக் கழற்றி அதன் சல்லடையையும் துப்புரவாக்க வேண்டும் என்று கேட்டு, விற்றவர் செலவிலேயே செய்வித்தேன். கழற்றியபோது நானும் நின்று பார்த்தேன். சல்லடை முழுவதும் சாம்பல் நிறக் களி. இன்னும் ஒரு மாரி அப்படியே ஓடியிருந்தால் பம்பு எரிந்து, நான்கு சில்லு இயக்கம் என்று காசு கொடுத்து வாங்கியது முன்சில்லு வண்டியாகவே ஓடியிருக்கும். நான்கு ரயர்களும் ஒரே அளவில் தேய்ந்தவையாக இருக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன்.

நேற்று முதற் பனி. ஐந்தே முக்காலுக்கு இறங்கினேன், மாலை அள்ளாத பனியில் ஏறினேன், ஓரிடத்திலும் வழுக்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன்: இதுவரையான சராசரி 9.1 லீற்றர்.

பொதிக்காரன்

9.1! நான் எழுதிய 8ஐயும் தாண்டிவிட்டீர்கள். ஒரு யோசனை: நத்தாருக்குப் பாரிஸ் போகும்போது என்னுடைய டீசலைக் கொண்டுபோங்கள், அந்த வாரம் உங்கள் பெற்றோல் என்னிடம் இருக்கட்டும். எனக்கும் அந்த வாரம் லுகானோ ஓட்டம் இல்லை, கடைக்கும் வீட்டுக்கும்தான்.